மூன்றாவது தூணைச் சாய்த்த கதை

1

நதிகள் மனித குலத்தைப் பிரித்தன. பாலங்களே அதை ஒன்று சேர்த்தன.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கதாசிரியர் எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கதை பிறந்த விதம் அவ்வளவு உன்னதமானதல்ல. ஊர் ரயில் பாலத்துக்கு நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். அவர்கள் முதலில் கதை கேட்டது வேறொருவரிடம். அவருக்குக் காய்ச்சல்.

2

அந்தக் காலத்தில் ஆற்று மணலில் கிணறு மாதிரி வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். உள்ளே மணலை அள்ள அள்ள, சுவர் தன் கனத்திலேயே கீழே இறங்கும். பாறை தட்டியதும் உள்ளே காரை கொட்டி அடைத்து, மேலே தூண், தூண்மேல் இரும்பு உத்திரம், அதன்மேல் தண்டவாளம். நம் பாலத்தில் எல்லாக் கிணறும் ஒழுங்காக இறங்கின, எல்லாத் தூணும் ஒழுங்காக நின்றன. ஒரு கதைக்கு இதைவிடக் கேடு வேண்டுமா?

ஆகவே மூன்றாவது தூணைக் கதாசிரியர் லேசாகச் சாய்த்தார். [‘லேசாக’ என்பது முதல் பிரதியில். அடுத்த பிரதியில் தூண் வெள்ளத்தில் முனகியது.] ஒரு தலைமைப் பொறியாளரை உண்டாக்கினார். தான் மறைத்த விரிசலை எண்ணி எண்ணி அவருடைய மீசை ஒரே இரவில் நரைத்து—

[மீசை வேண்டாம். விரிசல் இருக்கட்டும்.]

3

கதாசிரியரின் மனைவி அவர் எழுதிய எதையும் படித்ததில்லை. இதைப் படித்துவிட்டாள். அக்கரையில் அவளுடைய அக்காவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். ரயில் அன்று சாயங்காலம்.

“நான் அந்தப் பாலத்துமேல வரமாட்டேன்.”

“அடடா, அது கற்பனைம்மா.”

“விரிசல்?”

“கற்பனை.”

“பாறை தட்டாமலே கிணத்தை மூடிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே?”

“அதுவும்தான். உன் தலைமேல சத்தியம்.”

“என் தலை எதுக்கு? உங்க தலைமேல பண்ணுங்க.”

கதாசிரியர் பேச்சை மாற்றினார்.

“இங்க பாருங்க, அக்கா கண் முழிக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அந்தத் தூணை நிமித்துங்க. படிச்சுட்டுக் கிளம்பறேன்.”

4

முடிவு அ: தூண் சாயவே இல்லை; பொறியாளரின் மூக்குக்கண்ணாடிதான் கோணல். (“இது தேவலை.”)

முடிவு ஆ: சாய்ந்த தூணே இத்தனை காலமும் ரயிலைத் தாங்கி நிற்க, ஊரே வியந்து— (“இன்னும் எதுக்குச் சாயுது?”)

முடிவு இ: விரிசலை அடைத்துவிட்டார்கள். (“எதை வெச்சு?”)

அடிக்குறிப்பு, இடமில்லாததால் நடுவிலேயே: நிஜ விரிசலுக்குச் சிமெண்ட் போதும். நம்பும்படி எழுதித் தொலைத்த விரிசலுக்கு என்ன பூசுவது என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை.

5

வாசகரே, முடிவுகள் மூன்றும் உங்கள் முன்னால் இருக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி ‘அ’வை எடுத்துக்கொண்டாள், பையைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலேறினாள். பாலத்தில் நன்றாகக் காற்று வந்ததாம். அக்கா கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தாள்.

கதாசிரியர் பஸ்ஸில், சுற்றுவழியில் போனார்.