மருதடியில் நின்ற செவலை

கச்சான் என்னும் மேல்காற்று ஓய்ந்து, படுவான்கரைக் காட்டின் விளிம்பிலே ஞாயிறு சிவந்து சாய, அதன் ஒளி மட்டக்களப்பு வாவியெங்கும் பரந்து, வீச்சுவலை எறிந்து நின்ற தோணிக்காரரையும், நீரோரத்தில் அடர்ந்த கண்ணாச் செடிகளின் வேர்களிடையே இரை தேடிய கொக்கினங்களையும், அறுவடை முடிந்து தாள் மட்டும் எஞ்சிய வயல்களையும் ஒரே நிறத்தில் தோய்த்துக்கொண்டிருந்த ஆவணி மாலையொன்றில், தன்னாமுனைக்கு வடக்கே வாவியோரமாய்ச் செல்லும் மணற்பாதையில் ஒருவர் குதிரைச் சேணத்தைத் தம் தோளிலே சுமந்துகொண்டு வியர்க்க விறுவிறுக்க நடந்துவந்தார். அவருக்குப் பின்னால், சுமையேதும் இன்றி, வாலை வீசி ஈ ஓட்டியபடி, செந்நிறக் குதிரையொன்று ஒய்யாரமாக நடந்துவந்தது. கற்றறிந்தீர், குதிரை சுமக்க மனிதன் வருவதே உலக வழக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் அந்த ஆவணி முழுவதும் அவ்வூரார் கண்டதோ இந்தத் தலைகீழ்க் காட்சியைத்தான்.

"விதானையார்! நாளைக்குக் குதிரையையும் தோளில ஏத்திப்போடுங்க, அதுக்கும் கால் நோகுமெல்லோ!" என்று தோணியிலிருந்து ஒருவன் கூவினான். மற்றவர் சிரித்தனர். சேணம் சுமந்தவர் அதை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அவர் பெயர் சீனித்தம்பி. வயது நாற்பது. வயல்வெளியின் நீர்ப்பங்கீட்டைக் கண்காணிக்கும் வட்டவிதானைப் பொறுப்பு அவர் கைக்கு வந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. அதற்குமுன் அப்பொறுப்பில் இருந்தவர் அவருடைய தாயுடன் பிறந்த அம்மானும் பெரும் வயல்களுக்கு உரியவருமான வீரக்குட்டிப் போடியார். தாய்வழியே உரிமை செல்லும் அந்நாட்டு முறைப்படி, வைகாசியில் போடியார் கண்மூடியபின், அவருடைய பொறுப்பும், அவர் ஏறித் திரிந்த 'செவலை' என்னும் குதிரையும் உடன்பிறந்தாள் மகனாகிய சீனித்தம்பியைச் சேர்ந்தன. அன்போடு கொடுக்கப்பட்ட கொடையென்று அதனை எவரும் சொல்லமாட்டார்.

ஏனெனில், ஒன்பது ஆண்டுகளாக அவ்விருவரிடையே பேச்சில்லை. அம்மான் மகளை மணக்கவேண்டிய முறைமாப்பிள்ளையாகிய சீனித்தம்பி, அம்முறையை மீறி, தாம் விரும்பிய இலட்சுமிப்பிள்ளையைக் கைப்பிடித்தார். மணநாளன்று போடியார் ஊரார் நடுவே நின்று, "உன் வளவுக்குள் என் கால் படாது, உன் பெண்டாட்டி கையால் ஒரு வாய்த் தண்ணீரும் குடியேன்" என்று சூளுரைத்தார். அம்மகள் பிறிதோர் இடத்தில் நல்லபடி வாழ்க்கைப்பட்டாள். அவளுக்குக்கூட அச்சினம் ஆறிவிட்டது. போடியாருக்கு ஆறவில்லை என்றே ஊர் நம்பியது. சீனித்தம்பியும் சளைத்தவரல்லர். சூளுரைத்தவர் தாமே வந்து அதனை முறிக்கட்டும், நான் ஏன் போகவேண்டும் என்று வீம்பு பிடித்து, அரை நாழிகைத் தொலைவிலிருந்த அம்மான் வீட்டுப் பக்கம் ஒன்பது ஆண்டுகளும் தலைவைத்துப் படுக்கவில்லை. போனது இறுதிச் சடங்கிற்கு மட்டுமே.

செவலையின் முரண்டு இதுதான். காலையில் சீனித்தம்பியை ஏற்றிக்கொண்டு வடக்கே வயலுக்குச் செல்லும்போது அதனைப்போல் அடக்கமான குதிரை அந்நாட்டில் இல்லை. மாலையில் வீடு திரும்பும்போதோ, வாவியின் சிறு கழியொன்று உள்வளையும் இடத்திலுள்ள மருத மரத்தடியில் வந்ததும் நின்றுவிடும். தட்டினால் அசையாது, அதட்டினால் கேளாது, சாட்டையால் அடித்தால் உடல் சிலிர்க்கும், கால் பெயராது. வெற்றிலை ஒரு வாய் போடும் நேரம் அவ்வாறே நின்றபின், தானாகத் திரும்பி, முதுகில் இருப்பவர் யாரென்ற எண்ணமே இல்லாமல், போடியாரின் பழைய வீட்டை நோக்கி நடையைக் கட்டும். சேணத்தைக் கழற்றிவிட்டாலோ ஆட்டுக்குட்டிபோல் பின்னால் வரும். அதனாலேயே விதானையார் நாள்தோறும் சேணத்தைச் சுமந்தார்.

ஊர் சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் சிரிப்பு ஓய்ந்தபின் ஊர் வேறொன்றைப் பேசத் தொடங்கிற்று. போடியாரின் சூள் அவரோடு சாகவில்லை, அது குதிரையின் உடம்பில் இறங்கியிருக்கிறது, அதனாலேயே அது சீனித்தம்பியின் வளவுக்குச் சேணத்தோடு போக மறுக்கிறது என்றனர். அச்சொல் முள்ளாய்த் தைத்தது. அம்மான் தம்மை வெறுத்தபடியே இறந்தாரா என்னும் கேள்வியை அவர் தம் நெஞ்சின் அடியில் போட்டு மூடிவைத்திருந்தார். இந்த நாற்கால் விலங்கு நாள்தோறும் மாலையில் அந்த மூடியைத் திறந்து காட்டியது. ஒருநாள் பொறுமை இழந்து, செவலையின் விலாவில் குருதி கசியும்வரை அடித்தார். அடித்த கையே அன்றிரவு சோறு அள்ள மறுத்தது. வருகிற வெள்ளியன்று குதிரையை வாழைச்சேனை வண்டிக்காரன் ஒருவனுக்குக் கொடுத்து, அதனோடு அம்மானின் நினைவையும் தொலைத்துவிடுவது என்று அவர் முடிவுசெய்தார்.

அதற்கு முன் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று, ஏறாவூரில் குதிரைகளைப் பழக்குவதில் பெயர்பெற்ற அப்துல் மஜீத் என்னும் முப்பது வயது இளைஞரை அழைப்பித்தார். மஜீத் மந்திரமும் கொண்டுவரவில்லை, முள் வைத்த கடிவாளமும் கொண்டுவரவில்லை. மடியில் சிறிது நெல்லை முடிந்துகொண்டு, மாலையில் சீனித்தம்பி ஏறிவந்த செவலையின் அருகே நடந்தே வந்தார். மருதடி வந்தது. செவலை நின்றது. சீனித்தம்பியின் கை சாட்டைக்குப் போயிற்று.

"அடிக்காதீங்க, விதானையார்," என்றார் மஜீத். "இது பயந்து நிக்கிற குதிரை இல்ல. காதப் பாருங்க, பின்னுக்கு மடியவே இல்ல. ஒரு பின்னங்கால ஓய்வாத் தூக்கி வெச்சிரிக்கு. வந்து சேந்த இடத்திலதான் குதிரை இப்பிடி நிக்கும்."

"வந்து சேந்த இடமா? என்ட வீடு இன்னும் அங்கால கிடக்கு, தம்பி."

"உங்களுக்கு அது வீடு. அதுக்கு இதுதான் முடிவு. கடிவாளத்தத் தளர விட்டுப்போட்டுச் சும்மா இரிங்க. அதுக்கு என்ன வேணுமெண்டு அதிட்டயே கேப்பம்."

கடிவாளம் தளர்ந்ததும், சீனித்தம்பியிடம் வந்தபின் அவ்விடத்தில் ஒருமுறையும் கடிவாளம் தளர விடப்படாத அக்குதிரை, பாதையைவிட்டு நான்கடி விலகி, மருதத்தின் புடைத்தெழுந்த பெரிய வேரொன்றின் அருகே தன் இடப்பக்கத்தை ஒட்டவைத்து, கழுத்தைத் தாழ்த்தி நின்றது. மூட்டு வலியுள்ள முதியவர் ஒருவர் கால் வைத்து இறங்குவதற்கு அவ்வேர் சரியான உயரத்தில் இருந்தது.

"இறங்கச் சொல்லுது," என்றார் மஜீத்.

சீனித்தம்பி இறங்கி, ஏனென்று அறியாமலே அவ்வேரில் அமர்ந்தார். அமர்ந்தவர் பக்கத்து அடிமரத்தைப் பார்த்தார். பார்த்த கண் அங்கேயே நிலைத்தது. மரப்பட்டையெங்கும் வெண்சுண்ணாம்புக் கோடுகள். வெற்றிலை போட்டவர் விரலில் எஞ்சிய சுண்ணாம்பை மரத்தில் தேய்ப்பது எங்கும் உள்ளதே. ஆயினும் இக்கோடுகள் ஒவ்வொன்றும் இரட்டையாய் இருந்தன. அறுவடையில் அரிவாள் பட்டுச் சுட்டுவிரலின் நுனியை இழந்த வீரக்குட்டிப் போடியார் ஒருவரே நடுவிரலும் மோதிரவிரலும் சேர்த்துச் சுண்ணாம்பு தடவுவார். சிறு வயதில் அந்தக் கையிலிருந்து பனங்கட்டி வாங்கித் தின்ற மருமகனுக்கு அது தெரியாதா? பல ஆண்டு மாரிமழை கழுவி மங்கிய கோடுகளின் மேல், இக்கோடையில் இட்டவை இன்னும் வெளுத்துத் தெரிந்தன. நூறா, இருநூறா, எண்ணிமுடியவில்லை.

அவர் தலை நிமிர்ந்தார். அவ்வேரில் அமர்ந்தவருக்குக் கண்ணாச் செடிகளின் இடைவெளியூடே, கழிக்கு அப்பால், ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அது சீனித்தம்பியின் வீட்டு வாசல். அங்கே அவருடைய பிள்ளைகள் இருவரும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களின் சிரிப்பு நீரின்மேல் தெளிவாக வந்தது.

தாம் வயலிலிருந்து திரும்புமுன், அம்மான் இந்த வழியாய் வந்து, இங்கே அமர்ந்து, ஒரு வாய் வெற்றிலை மென்று முடியுமட்டும் தம் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருந்து, சூளையும் முறிக்காமல் ஆசையையும் அடக்காமல் திரும்பிப் போயிருக்கிறார் என்பது அவருக்குப் புலனாயிற்று. குதிரை கற்றது அந்த வழியைத்தான். அது பிடித்த முரண்டு ஒன்றுமில்லை. தன் தலைவர் பல ஆண்டு நடத்திய பாடத்தை ஒருநாளும் பிழைக்காமல் ஒப்பித்துவந்தது. சீனித்தம்பி செவலையின் விலாவிலிருந்த தழும்பின்மேல் கைவைத்து, வெட்கமின்றி அழுதார். மஜீத் முகத்தைத் திருப்பி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதத் திருத்தேலுமா, தம்பி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் சீனித்தம்பி.

"ஓம், ஏலும். நிக்கிறதத் தடுக்காதீங்க. இறங்குங்க, இரிங்க, எழும்புங்க. பிறகு தெற்கால பத்தடி கையில பிடிச்சு நடத்தி, ஒரு பிடி நெல்லக் குடுங்க. நாளைக்கு இருவது அடி. கடைசிப் பிடி உங்கட கடப்படியில கிடைச்சா, வழி அங்கதான் முடியிதெண்டு அது தெரிஞ்சுகொள்ளும். பாதியில நிண்ட வழிய முழுசாக்கவேணும், அவ்வளவுதான்."

வெள்ளி வந்தது; வாழைச்சேனை வண்டிக்காரன் வெறுங்கையோடு திரும்பினான். பத்தடி இருபதாகி, இருபது நூறாகி, ஒன்பதாம் நாள் மாலையில் செவலை சேணத்தோடும், அதன்மேல் சீனித்தம்பியோடும், அவர் வளவின் நுழைவாயிலாகிய கடப்பைத் தாண்டி உள்ளே வந்தது. தோணிக்காரர் வலையை விட்டுவிட்டுப் பார்த்தனர். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

வாசலில் இலட்சுமிப்பிள்ளை நின்றாள். அவள் கையில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் கணவனைப் பார்க்கவில்லை, குதிரையையே பார்த்தாள்.

"புள்ள, உனக்கொரு கதை சொல்லவேணும்," என்று தொடங்கினார் சீனித்தம்பி. "அம்மான் மருதடியில..."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

அவர் சேணத்திலிருந்து இறங்கி அவளருகே வந்தார்.

"மூத்தவன் தவழுற காலத்திலயே கண்டுட்டன். செடிக்குள்ளால செவலைட நிறம் தெரிஞ்சிச்சு. ஒருநாள் நான் நிமிந்து பாத்திட்டன். பிறகு மூணு நாள் அவர் வரல்ல. அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பாக்கிறதே இல்ல. உங்களிட்டச் சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க, இல்லாட்டி அவர் வெக்கப்பட்டு வராம விட்டுருவாரு. அதான் அந்த நேரத்துக்குப் புள்ளைகளக் கழுவி, பொட்டு வெச்சு, வாசல்ல விளையாட விட்ட நான். வேற என்னத்தத்தான் நான் குடுக்கேலும்? என்ட கையால தண்ணி குடிக்கமாட்டாரே."

அவள் செம்பைச் செவலையின் வாயருகே தாழ்த்திப் பிடித்தாள். அது மூக்கை நுழைத்து, ஒரே மூச்சில் உறிஞ்சிக் குடித்து, இன்னும் வேண்டுமென்று செம்பின் விளிம்பை நக்கியது. அவள் உள்ளே போய் மறுபடியும் நிறைத்துவந்தாள்.

அறிவுடையீர், அதன்பின் செவலை பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தது. வட்டவிதானை சீனித்தம்பி நாள்தோறும் மாலையில் மருதடியில் இறங்கி, ஒரு வாய் வெற்றிலை போட்டு, விரலை மரத்தில் தேய்த்துவிட்டே வீடு சென்றார். மேலலுவலர்கள் உடன்வந்த நாளிலும் அவர்களை வெயிலில் நிறுத்திவைத்து, குதிரைக்கு அது வழக்கம் என்று அவர் கூசாமல் சொன்னதுண்டு. நிற்பதை மறக்கச் செய்ய மஜீதால் முடிந்திருக்கும். சீனித்தம்பி அதை வேண்டவில்லை. இறந்தவர் இவ்வளவு தொலைவு வந்திருந்தார். இலட்சுமிப்பிள்ளை தன் பிள்ளைகளை அவர் கண்ணுக்கெதிரே நிறுத்தியிருந்தாள். குதிரையும் தன்னாலானதைச் செய்தது. எஞ்சியிருந்தது கழியைச் சுற்றிவரும் முந்நூறு அடி மணல். அம்மானை அழைத்துவர அந்த முந்நூறு அடியை நடக்கச் சீனித்தம்பிக்கு ஒன்பது ஆண்டுகள் இருந்தன, அவர் நடக்கவில்லை.