நீல் தீவுப் படங்கள்

குழி வெட்டுகிறவரின் நம்பரை அப்பா எந்தப் பெயரில் போட்டு வைத்திருக்கிறார் என்று தெரியாமல், ஜெஸ்பின் அவருடைய போனில் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியாயிற்று. அப்பா அதற்குள் வெள்ளைச் சட்டையும் தாடைக்கட்டுமாகக் கிடந்தார். காலையில் கட்டன்சாயா கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் நாற்காலியில் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

போன் கையில் அதிர்ந்தது. லீலா என்ற அம்மாவின் பெயரும் அதன் கீழ் நான்கு படங்களும் வந்து விழுந்தன. தள்ளிக்கொண்டிருந்த விரல் அதன்மேலும் பட்டுவிட்டது.

அம்மா முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். சுடிதார் போட்டிருந்தாள், தலையில் ஒரு ஓலைத் தொப்பி. ரீத்தா டீச்சரும் மற்ற இரண்டு டீச்சர்களும் அவள் தோளில் கை போட்டிருந்தார்கள். தண்ணீர் இளம்பச்சையாக, அடியில் மணல் தெரியக் கிடந்தது. அம்மா இப்படிப் பல் தெரியச் சிரித்து ஜெஸ்பின் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் பார்த்ததில்லை.

படங்களுக்கு நீல டிக் விழுந்துவிட்டது. அந்தமானில், நீல் தீவில், டவர் கிடைத்த ஏதோ ஓர் இடத்தில் நின்று அம்மா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"கண்டியளா? தண்ணிக்க நெறம் நான் சொன்னதுபோலத்தானே?" என்று எழுத்து வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "இன்னும் கோவமா?"

அப்பாவுக்குக் கோபம்தான். மார்த்தாண்டத்தில் இரும்புக்கடை வைத்திருந்த யேசுரத்தினத்துக்குக் கடை உண்டு, சபை உண்டு, வீடு உண்டு. அதற்கு மேல் உலகம் எதற்கு என்று கேட்கிற ஆள். "அந்தமான்ல என்ன உண்டு? கடலுதானே? குளச்சல்ல இல்லாத கடலா?" என்பது அவருடைய வாதம். அம்மாவும் சிநேகிதிகளும் வேலை பார்த்த காலமெல்லாம், நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவர்கள். ஒரு தீவையும் கண்ணால் கண்டதில்லை. ரிட்டயர் ஆனதும் அந்தக் குறையைத் தீர்த்துவிடுவது என்று கிளம்பினார்கள். ஏஜெண்ட் வேண்டாம், சொகுசுக் கப்பல் வேண்டாம். தீவுக்குத் தீவு அரசாங்கப் படகு, நான்கு பேருக்கும் ஒரே அறை, சமைக்கக் கரண்ட் அடுப்பும் அரிசியும் சம்மந்திப்பொடியும் இங்கிருந்தே. திட்டம் முழுக்க ரீத்தா டீச்சருடையது. அப்பா அவர்களுக்குத் தரித்திரக் கொலம்பஸ்மார் என்று பெயர் வைத்தார். டிக்கெட் போட்டாயிற்று என்று தெரிந்த நாளோடு அந்தக் கேலியும் நின்றது, பேச்சும் நின்றது.

அந்த வீட்டிலிருந்து யார் வெளியூர் போனாலும் அப்பா ஜெபம் பண்ணித்தான் அனுப்புவார். ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக் களைத்தாலும் சரி, ஆமென் சொல்லாமல் யாரும் படியிறங்கக் கூடாது. ஜெஸ்பின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனபோது வலியோடு நின்று அந்த ஜெபத்தைக் கேட்டிருக்கிறாள். அம்மா புறப்பட்ட அன்று ஆட்டோ சத்தம் கேட்டதும் அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா பையோடு முன்னறையில் நின்றாள். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவளே கண்ணை மூடி இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கினாள்.

"மக்களே, அப்பாவ நோக்கிக்கோ. மாத்திரை எடுத்துக் குடு" என்றாள் ஜெஸ்பினிடம்.

கதவைத் தட்டி அவரை வெளியே வரவழைத்திருக்கலாம். அன்றைக்கே ஜெஸ்பினுக்குத் தோன்றியதுதான். வயசானவர்களின் பிணக்கு, அம்மா திரும்பி வந்தால் தானே தீரும் என்று விட்டுவிட்டாள். விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போதுதான் தெரிந்தது.

பந்தல்காரர்களிடம் பேசிவிட்டு அண்ணன் சிஜின் உள்ளே வந்தான்.

"அம்மைக்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா? எப்படியும் இண்ணைக்கு சாயந்தரம் படகுல ஏறி வரணும். போர்ட் பிளேர்ல வந்து எறங்கட்டும், நான் ரீத்தா டீச்சருக்கிட்ட பேசுதேன். அம்மைக்கிட்ட சீரியஸுன்னு மட்டும் சொன்னா போரும்."

"சீரியஸுன்னா அம்மைக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்கிலும் அப்படித்தான் சொல்லணும்."

இந்தப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் கல்ஃபிலிருந்து பிள்ளைகளை வரவழைப்பார்கள். அம்மாவே தன் தம்பியை அப்படித்தான் வரவழைத்தாள். சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வழி முழுக்கப் பிடித்துக்கொண்டு வர ஏதாவது வேண்டுமே.

சிஜின் மறுபடி வெளியே போனான். போனில் அம்மாவின் கேள்வி அப்படியே கிடந்தது.

அப்பா எழுதுகிறவர் அல்ல. பிறந்தநாளோ, கல்யாணமோ, மரண அறிவிப்போ, எதற்கும் கூப்பிய கை ஒன்றுதான் அனுப்புவார். ஜெஸ்பின் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. அம்மா தண்ணீரில் நின்றுகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கூப்பிய கையைத் தொட்டாள். போய்விட்டது.

உடனே அம்மாவின் குரல் வந்தது. பின்னால் ஒரே சிரிப்பு. "ஏட்டி ரீத்தா, கும்பிடு போட்டாச்சு! இஞ்சேருங்க, அடுத்த தடவ நீங்களும் வாருங்க, கேட்டியளா. தண்ணி முட்டளவுதான், பயப்படாண்டாம்."

ஜெஸ்பின் அடுக்களைக்குள் போய், வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அம்மா வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தாள். ஆனால் வெயிலில் உரிந்த மூக்கை மாற்ற முடியவில்லை. வந்திருந்த பெண்கள் அந்த மூக்கைப் பார்த்தார்கள். பயணத்தைப் பாதியில் விட்டுக் கூடவே வந்த மூன்று டீச்சர்களும், காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகளைப் போலச் சுவரோரம் நின்றார்கள்.

அம்மா பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜெஸ்பினின் கையைப் பிடித்தாள்.

"படத்தைக் கண்டாவ இல்லியா மக்களே? எனக்குக் கும்பிடு போட்டாவளே. அதுக்குப் பொறவுதானே?"

முன்னறை முழுக்க ஆட்கள். ஜெஸ்பின் தலையை ஆட்டினாள்.

"ஆமாம்மா."

அதன் பிறகு வருகிறவர்கள் எல்லாரிடமும் அம்மா அதைத்தான் சொன்னாள். நேற்று மத்தியானம் படம் அனுப்பினேன், கண்டுவிட்டுத்தான் போனாவ. பக்கத்து வீட்டு லில்லி, "மத்தியானமா? காலைல அல்லவா..." என்று தொடங்கினாள். ஜெஸ்பின் அவள் தோளை அழுத்தினாள்.

அடக்க ஆராதனைக்குப் போதகர் வந்துவிட்டார். வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க சிஜின் தாளோடு நின்றான். ஜெஸ்பின் ஆட்களை விலக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

"அண்ணா, மணிய வாசிக்காண்டாம்."

"எந்த மணிய?"

"அப்பா மரிச்ச மணி. விட்டிரு."

"நீ என்னட்டி பேசுக? அது இல்லாம எப்படி வாசிக்க?"

அவனைத் தனியே அழைத்துச் சொல்ல நேரமில்லை. போதகர் தலையசைத்தார். சிஜின் வாசித்தான். அப்பா பிறந்தது, கடை தொடங்கியது, சபையில் கணக்கராக இருந்தது. இடையில் நிறுத்தினான். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தான். "நேற்று காலை ஏழு மணியளவில் எங்கள் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்."

அம்மாவின் கை பெட்டியின் விளிம்பில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. அவள் போனை எடுத்துப் பார்க்கவில்லை, ஜெஸ்பினையும் பார்க்கவில்லை. எல்லாரும் பாட்டுக்கு எழுந்தபோது ரீத்தா டீச்சர் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு, கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும் வரைக்கும், அம்மா யாரிடமும் கும்பிடு பற்றிப் பேசவில்லை.

வீடு காலியாயிற்று. முன்னறையில் பாய் விரித்து அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். ஜெஸ்பின் அடுக்களை வாசலில் நின்றாள். நேற்றிலிருந்து செய்ததை எல்லாம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் கடைசிச் சந்தோஷத்தை நான்தான் கள்ளத்தனமாக உண்டாக்கினேன் என்று ஒரு மகள் எப்படிச் சொல்வாள்? சொல்லாமலும் இருக்க முடியாது.

"அம்மா..." என்றாள்.

அம்மா நிமிரவில்லை. அதற்குள் வாசலில் கார் நின்றது. பூதப்பாண்டியிலிருந்து விக்டோரியா, அப்பாவின் பெரியப்பா மகள். முட்டுவலிக்காரி, வண்டி கிடைத்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. வந்ததும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ இஞ்ச இல்லாத நேரம் பாத்துப் போயிட்டானே லீலா. உன்கிட்ட பிணக்கமா இருந்தானாமே? ஒரு வார்த்த பேசாம போனானாமே?"

சிஜின் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆரு மைனி சொன்னா? பிணக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அனுப்பின படமெல்லாம் கண்டுட்டுத்தான் போனாவ. கும்பிடும் போட்டாவ." திரும்பி அடுக்களை வாசலைப் பார்த்தாள். "நம்பிக்கை இல்லங்கி இவகிட்ட கேளுங்க. இவதானே கூட இருந்தா."

விக்டோரியா ஜெஸ்பினைப் பார்த்தாள்.

"ஆமா மாமி" என்றாள் ஜெஸ்பின். "கண்டாவ."

அம்மா அவளைப் பார்த்தபடியே பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.