நான்காம் அத்தியாயம்

வாய்மொழித் தேர்வுக்குப் பொன்னாடை வாங்கி வருவது மாணவர் தலையெழுத்து. எந்தப் பல்கலைக்கழகமும் எழுதி வைக்காத சட்டம் அது. ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவளே, கேள்வி கேட்க வருகிறவர்களுக்குப் போர்த்தவும் வேண்டும், ஊட்டாத குறையாகச் சாப்பாடும் போட வேண்டும். நாகூர் ஹுமைராவும் இரண்டு பொன்னாடைகளோடும், உம்மா கட்டிக்கொடுத்த தம்ரூட் இனிப்பு டப்பாவோடும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி வந்திருந்தாள்.

நெறியாளர் சாமிதுரை வராந்தாவிலேயே அவளை மடக்கினார்.

“முதல்ல எனக்கும் வெளித்தேர்வாளருக்கும் பொன்னாடை போர்த்திடும்மா. போட்டோ எடுத்துக்கலாம். அப்புறம் மூணு அத்தியாயம் சொல்லிட்டு உட்கார்ந்துடு. நாலாவது வேண்டாம்.”

“நாலாவதுதானே சார் ஆராய்ச்சியே?”

“வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்காத. என் கையெழுத்து இல்லாம பட்டம் வராது, தெரியும்ல?”

தெரியும். ஆய்வேட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிய புண்ணியவான், வெளித்தேர்வாளர் பாராட்டி எழுதிய பிறகுதான் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினார். அது அவருடைய பழைய கட்டுரையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தது.

விஷயம் இதுதான். அணி என்றால் கட்டம் கட்டமாக எண்களை அடுக்குவது. சாமிதுரை எடுத்துக்கொண்ட அணியின் கட்டங்களில் எண்களுக்குப் பதில் செயல்கள் இருந்தன: எக்ஸால் பெருக்கு, வகையிடு. இயற்கணித மென்பொருளில், வகையிடுவதற்கு ‘டி’ என்று ஓர் எழுத்தை அடித்துவிட்டார். மென்பொருளும் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, பெருக்கிவிட்டு வகையிடுவதும் வகையிட்டுவிட்டுப் பெருக்குவதும் ஒன்றே என்று இரண்டையும் கழித்துப் பூஜ்யம் என்றது. அங்கே பூஜ்யம் வந்தால் தீர்வுகளுக்கு அளவில்லை என்பது கணித விதி. அதை நம்பி, ‘இந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வுகள் எண்ணிலடங்கா’ என்று அச்சேற்றிப் பதவி உயர்வும் வாங்கிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

ஷார்ஜாவிலிருந்து அண்ணன் ஃபாஜில் நானா அனுப்பிய கணினியில், எது முன், எது பின் என்பதை மறக்காத ஒரு நிரலை ஹுமைரா எழுதினாள். “நிரல் எழுதத் தெரிஞ்சவங்கள இங்க வலை போட்டுத் தேடுறாங்க, பட்டம் எதுக்கு, கிளம்பி வா” என்று நானா போனில் நச்சரித்தார். ஊரே விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். அவளுக்கோ பட்டம் வேண்டும், அதுவும் நான்காம் அத்தியாயத்தோடு வேண்டும்.

அரங்கில் சாமிதுரை கண்ணாலேயே ஜாடை காட்டினார். ஹுமைரா பையைத் திறக்கவில்லை. கேள்விக்கு முன்னால் போர்த்தினால் கைக்கூலி, பின்னால் போர்த்தினால் மரியாதை. துணி என்னவோ அதேதான். நேராகப் போய்க் கரும்பலகையில் அந்த அணியை எழுதினாள்.

“இதுல வரிசை மாத்தக் கூடாதுங்க. தண்ணி விட்டுட்டு உழுறதும், உழுதுட்டுத் தண்ணி விடுறதும் ஒன்னா?”

பின்வரிசையில் இருந்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். வெளித்தேர்வாளர் மங்களாம்பிகை சிரிக்கவில்லை.

“கம்ப்யூட்டர் இருக்கட்டும். கையால போட்டுக் காட்டுங்க.”

காட்டினாள். முதல் சமன்பாட்டிலிருந்து ஒன்றை எடுத்து, முறைப்படி வகையிட்டு, இரண்டாவதில் போட்டாள். எல்லாம் அடிபட்டுப் போய், விடையாகப் பூஜ்யம் மட்டும் நின்றது.

“தீர்வு எண்ணிலடங்காதது இல்லீங்க. ஒன்னே ஒன்னுதான்.”

“அப்ப எண்ணிலடங்காதுன்னு எழுதினது யாரு?” என்று கேட்டார் மங்களாம்பிகை.

யாரோ என்று மழுப்பியிருக்கலாம். சாமிதுரை அதற்காகத்தான் இருமினார். ஹுமைராவுக்குப் பயமாக இருந்தது. பயத்தை விடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

“எங்க சார் எழுதினதுங்க. மென்பொருள் மேல தப்பில்ல. வரிசை முக்கியம்னு அதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல.”

மங்களாம்பிகை பலகையை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு தேர்வறிக்கையில் கையெழுத்திட்டு, அதைச் சாமிதுரை பக்கம் நகர்த்தினார்.

“கொஞ்சம் திருத்தம் இருக்கு மேடம். நான் அப்புறம் போட்டு அனுப்புறேன்” என்று சாமிதுரை பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“திருத்தம் உங்க கட்டுரையிலதானே சார்?” என்றார் மங்களாம்பிகை.

ஹுமைரா இப்போது பையைத் திறந்தாள். ஒரு பொன்னாடையை மங்களாம்பிகைக்குப் போர்த்தினாள். கைதட்டல் எழுந்தது, போட்டோக்காரரும் எடுத்தார். அடுத்ததை விரித்துக்கொண்டு சாமிதுரை முன்னால் வந்து நின்றாள். பழக்க தோஷம், மனிதர் எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்து, குனிந்து தோளைக் கொடுத்தார். போட்டோக்காரரும் தயாரானார். ஹுமைரா போர்த்தவில்லை.

“முதல்ல கையெழுத்து, சார். அப்புறம்தான் பொன்னாடை.”

அரங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்த தோளை நிமிர்த்தவும் முடியாமல், சாமிதுரை சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.