சுவரில் முட்டிய மஞ்சள் பாதை

நகராட்சிக் கட்டடத்தின் கல்சுவருக்குள் புகுந்து ராய்னா, மேயர் கிரிலின் அறையில் போய் நின்றது, முட்டை விலை ஏறிய அதே வாரத்தில். அவள் மருந்துக்கடைக்குத்தான் கிளம்பியிருந்தாள். பார்வையற்றவர்கள் கோலால் தடவி நடப்பதற்காக வரிவரியாக மேடு வைத்த மஞ்சள் ஓடுகளை அந்தக் கோடையில் எங்கள் ஊர் நடைபாதையில் பதித்தார்கள். வேலையை எடுத்தவன் மேயரின் மைத்துனன். மருந்துக்கடைப் பக்கம் திரும்பவேண்டிய பாதையைத் திருப்பச் சோம்பல்பட்டு, நேரே கொண்டுபோய்ச் சுவரில் முட்டவிட்டான். ராய்னாவுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரித்துத் தெரியும், சட்டப்படி பார்வையற்றவள். ஓடுகளை நம்பி நடந்தாள். சுவர் வழிவிட்டது.

"ஏன்யா, மருந்துக்கடையில பூண்டு சாசேஜ் நாத்தம் அடிக்குது?" என்றாள். வாயில் அடைத்திருந்ததை மேயரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மற்ற பார்வையற்றவர்களும் சுவரைத் தாண்டினார்கள். கண் தெரிந்த தபால்காரர் முயன்று மூக்கை உடைத்துக்கொண்டார். மேயர் வெட்கப்படுவார் என்று நினைத்தோம். அவரோ சுவருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, வெட்டி, படமெடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே, பார்வையற்றவர்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வந்துகொண்டிருந்த துணையாட்களை நிறுத்தினார். அங்கே ஒலி எழுப்பும் சிக்னலாவது வையுங்கள் என்று ராய்னா கேட்கப் போனாள்.

"சுவரையே தாண்டுறீங்க ராய்னாம்மா, லாரி என்ன பெரிய விஷயம்?" என்றார் மேயர். அறையே சிரித்தது.

ராய்னா வேலைபார்த்த பிரஷ் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த, பார்வையற்ற மெத்தோதி, அந்தப் பேச்சை நம்பி சாலையில் இறங்கினார். டான்யூப் ஆற்றுப் படகுத்துறைக்குப் போன லாரி வழிவிடவில்லை. நகராட்சியிலிருந்து மலர்வளையம் வந்தது. அதில் கட்டியிருந்தது திறப்புவிழாவில் மீந்த ரிப்பன். ராய்னா அதைப் பிய்த்தெடுத்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் சுவர் வழியாக வந்து மேயரின் முழங்கையைப் பிடித்தாள்.

"எழுந்திரு. என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு."

"நான் மேயரும்மா!"

"அதனாலதான். மெத்தோதி உன் பேச்சைக் கேட்டுத்தான் இறங்கினாரு. இனிமே நீ முன்னால இறங்கு."

அவள் பிடியை விடவில்லை, அவரும் போனார். திரும்பி வந்ததும் ஓடுகளைப் பெயர்த்தெறியச் சொன்னார். பெயர்த்தார்கள். ஆனால் சுவர் அதற்குள் பழகிவிட்டிருந்தது. காவலாளியால் கதவைத்தான் பூட்ட முடியும். தினமும் ராய்னாவோ வேறொருவரோ உள்ளே வந்து முழங்கையைப் பிடித்தார்கள்.

இப்போது இருப்பவர் மூன்றாவது மேயர். சுவரிலிருந்து யாராவது வந்தால் குமாஸ்தாக்கள் தலைநிமிர்வதில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறார்கள். மேயர் எழுந்து முழங்கையை நீட்டுகிறார். சிக்னல் இன்னும் வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது. ராய்னா பையிலிருந்து சோப்பை எடுத்து, மேயரைத் தொட்ட கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைக்குப் போகிறாள்.