ராஜஸ்ரீ கொடியை இறக்க மாட்டேன் என்கிறாள்

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. கால்பந்து மைதானத்துக்குத் தாமதமாகப் போனதில் கோட்டோரம்தான் இடம் கிடைத்தது. துணை நடுவர் ஒருத்தி கையில் கொடியோடு கண்முன்னே ஓடி ஓடி ஆட்டத்தையே மறைத்தாள். அவளைத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

‘பந்து காற்றில் மிதந்து…’ வேண்டாம். எல்லாக் கதையிலும் அது காற்றில்தான் மிதக்கிறது.

‘ராஜஸ்ரீக்கு வீடு கரமனையில், வேலை தம்பானூரில், இன்சூரன்ஸ் ஆபீஸில், ஞாயிறானால் கையில் கொடி.’ இது இருக்கட்டும்.

2

(விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள். துணை நடுவர் கொடிதான் காட்டலாம், விசில் நடுவரிடம். கோல் சரியென்றால் கொடியைத் தாழ்த்தி நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்பது ஆஃப்சைடு; நிற்பது மட்டும் குற்றமில்லை, நின்றவன் பந்தைத் தொட்டால்தான் குற்றம். அப்போது கொடியைத் தூக்கி, நடுவர் பார்க்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். காதில் மாட்டும் கருவியெல்லாம் டிவி ஆட்டத்தில். இங்கே கத்திக் கூப்பிடவும் கூடாது.)

வாயே திறக்காத நாயகியை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுதுவது?

3

போன ஆட்டத்தில் அவசரப்பட்டாள். ஆஃப்சைடில் நின்றவன் பந்தைத் தொடும் முன்பே கொடி ஏறிவிட்டது, விசிலும் ஊதியாயிற்று. அவன் தொடவே இல்லை. பின்னாலிருந்து ஒழுங்காக ஓடி வந்த இன்னொருவன் போட்ட கோல் வீணாயிற்று. இனி ஒரு தப்பு வந்தால் மாநில நடுவர் பட்டியலில் பெயர் இருக்காது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

“நோக்கு என்னடி அவ்வளவு அவசரம்? தோசையைக்கூட வேகறதுக்கு முன்னாடி திருப்பறவளாச்சே நீ,” என்றாள் அம்மா அனந்தலக்ஷ்மி.

“இனிமே பொறுத்துப்பேம்மா, கேட்டியா.”

இன்று பொறுத்தாள். இறுதி ஆட்டம், கடைசி நிமிடம். ஆஃப்சைடில் நின்றவன் பந்தைத் தொடட்டும் என்று காத்தாள். தொட்டான், தொட்ட வேகத்தில் கோல். கொடி ஏறியபோது நடுவர் விஜின் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கோல்தான் என்று நடுவட்டத்தை நோக்கிக் கை நீட்டிவிட்டான். கோல் விழுந்தால் முதலில் துணை நடுவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை, மகராசன். அவசரப்பட்டாலும் குற்றம், பொறுத்தாலும் குற்றம். தலையெழுத்து.

4

முடிவு ஒன்று: அவள் கொடியை இறக்கிவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடுகிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டியலில் பெயர் நிலைத்… [எழுதினேன். அவள் ஓடவில்லை.]

முடிவு இரண்டு: “விஜின், இங்கோட்டு நோக்கு” என்று மலையாளத்தில் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிக் கத்து… [மாட்டாளாம்.]

முடிவு மூன்று: விஜின் தானாகவே திரும்பிப் பார்… [நான் படைத்த நடுவன், என் பேச்சையே கேட்கவில்லை.]

அவள் முதுகுக்குப் பின்னால் கூட்டத்திலிருந்து ஒருவன், “சேச்சி, கொடி தாழ்த்து. அது கோலாணு,” என்கிறான். ராஜஸ்ரீ திரும்பவில்லை. ஆஃப்சைடில் நின்றவன் தொட்டதை அவள் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். விஜின் வந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இதுவும் அவள் தப்பாகிவிடும். அதுவும் தெரியும்.

5

பந்தை நடுவில் வைத்துவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் அந்தக் கோலை ஆண்டவனாலும் மாற்ற முடியாது, விதி அப்படி. விஜின் விசிலை வாய்க்குக் கொண்டு போகிறான். அவளுக்குத் தோள் கடுக்கிறது. திட்ட வந்த நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

கொடி தாழ்த்தச் சொன்னவனும் பந்தின் பக்கம் திரும்பிவிட்டான். இத்தனை நேரமும் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர்தான். வாய் திறக்கக் கூடாது என்ற விதி அவளுக்குத்தான்.

கூப்பிடுங்கள் விஜினை.