இரண்டு கரண்டி எலும்புச் சாறு

வாரத்தில் மூன்று நாள் எல்லோருக்கும் ஒரே பானை, அதில் காயும் பருப்பும் மட்டுமே என்ற முடிவுக்குத் தையல் ஆலைச் சமையற்காரரும் கைதூக்கியவர்தான். ஆனால் முதல் நாளே, வெறும் பருப்பில் தம் கைமணம் எடுபடாதென்ற பயத்தில், யாருமறியாமல் எலும்புச் சாற்றைக் கலந்துவிட்டார்.

புலால் தொடாத தையற்காரி தட்டை நீட்டினாள். "ஆறு வருஷமா டப்பாவோட மூலையில உட்கார்ந்தேன் அண்ணே. இன்னிக்குத்தான் எல்லாரோடயும் சாப்பிடப் போறேன்."

இரண்டாம் முறை வாங்க வந்த லாரி ஓட்டுநர் சிரித்தார். "டாக்டர் கறியக் குறைக்கச் சொன்னப்ப உசுரே போச்சு. பருப்பு இப்படி இருந்தா கறி எதுக்கு?"

சமையற்காரரின் கரண்டி நடுவழியில் நின்றது. பலரை ஒன்றாக உட்காரவைக்கும் உணவை அவர் நம்பவில்லை; தம் பெயரை மட்டுமே நம்பியிருக்கிறார்.

"வேண்டாம்மா. இதுல எலும்புச் சாறு கலந்திருக்கேன். தப்பு என்னோடது."

அவள் தட்டைப் பின்னிழுத்துக்கொண்டு பழைய மூலைக்கு நடந்தாள்.

"அப்ப கறி இல்லாம உங்களுக்குச் சமைக்கத் தெரியாதா?" என்றார் ஓட்டுநர்.

சமையற்காரர் பானையை இறக்கி வைத்துவிட்டு, தலைகுனிந்தபடி வேறு பருப்பைக் கழுவத் தொடங்கினார்.