கூட உட்கார்ந்தவள்

டாக்டரை மகள் மாடிப்படித் திருப்பத்திலேயே மடக்கினாள்.

"அம்மா கேட்டா நேரம் மட்டும் சொல்லிடாதீங்க சார்."

அவர் பையை மூடிக்கொண்டே நின்றார். "உடம்பு விறைச்சுப் போச்சேம்மா. விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கும்."

"அம்மா விடிஞ்சப்புறம்தான் பக்கத்துல போய் உக்காந்தாங்க. அப்ப அப்பா உசிரோட இருந்தார்னு நினைச்சுட்டிருக்காங்க. கையைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து தியானம் பண்ணோம், அப்படியே போயிட்டார்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஒருத்தர் வாயை அடைத்தாயிற்று. இனி அண்ணன் வருவான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆள் நிமிர முடியாத பொந்துகளில் பாதி ஆயுளைக் குனிந்தே கழித்தவர். ஊரையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்கியவருக்குக் கடைசியில் கட்டிலிலிருந்து இறங்குவதே பெரும்பாடாயிற்று. முதுகு வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வந்த வயிற்று வலிக்கு இன்னொரு மாத்திரை. எல்லாம் தீர்ந்த பிறகு, மூச்சைக் கவனிக்கும் வகுப்பு ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றது ஆஸ்பத்திரி. மகள்தான் கூட்டிப் போனாள்.

முதல் நாள் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வலியை விரட்டக் கூடாதாம். கவனிக்கணுமாம். இத்தனை வருஷமா நான் வேற என்னத்தைக் கவனிச்சேன்?"

"டீச்சர் நல்லாத்தானே சொன்னாங்க?"

"வலியை விருந்தாளி மாதிரி நினைக்கணுமாம். விருந்தாளின்னா ஒரு நாள் கிளம்பணும்ல?"

அந்தப் பெண்ணுக்கு 'மூச்சு டீச்சர்' என்று பெயர் வைத்தார். கிண்டலடித்துக்கொண்டே ஒரு வகுப்பு விடாமல் போனார். கேட்டால், அங்கே நாற்காலி நன்றாக இருக்கிறது என்பார்.

வலி போகவில்லை. கத்தல் போயிற்று. முன்பெல்லாம் தலையணை நகர்ந்தால் "இந்தா, இங்க வா", வெந்நீர் ஆறினால் "இந்தா, இங்க வா". அம்மா அடுப்பை அணைப்பதா ஓடுவதா என்று தெரியாமல் கரண்டியோடு ஓடுவாள். இப்போது வலி வந்தால் அவரே ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று சட்டமும் போட்டாயிற்று. மகளுக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாதான் கையும் காலும் ஓடாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

"முன்னெல்லாம் திட்டறதுக்காவது கூப்பிடுவார்டி."

"நீங்களும் கூட உக்காந்து பாருங்களேன்மா."

"சும்மா உக்கார எனக்கெங்க நேரம்? தவம் முடிஞ்சா சொல்லு, சாமிக்கு டீ கொண்டாரேன்."

அந்த அம்மாதான் இன்று காலை ஜன்னலோர நாற்காலியில் இருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அவர் கைமேல் கை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். டீயோடு வந்த மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சிரிப்பு வந்தது. ஒரு போட்டோ எடுத்து, 'உலக அதிசயம் பாரு' என்று அண்ணனுக்கு அனுப்பினாள். அவன் பல்லிளிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான். டம்ளர்களைத் தட்டால் மூடினாள். பேப்பர் போட வந்தவரை உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினாள்.

நெடுநேரம் கழித்து அம்மா வெளியே வந்து, ஏதோ புகார் சொல்கிறவள்போலச் சொன்னாள். "உங்கப்பா எழுந்திரிக்க மாட்டேங்கறார்."

அண்ணன் வந்து சேர்ந்தபோது கூடம் நிரம்பியிருந்தது. அவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். தப்பு எங்கே இருந்தாலும் திருத்திவிடுவான். தன் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய பெரியவரையே மேடையில் நிறுத்தி, அவர் தப்பாகச் சொன்ன வருஷத்தைத் திருத்தியவன். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து, தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"நீ அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நகமெல்லாம் நீலமா இருக்குடி. நீ எடுக்கும்போதே அப்பா இல்ல."

"தெரியும். டாக்டர் சொல்லிட்டார்."

"அம்மாகிட்ட யாராவது சொல்லணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அதானே உண்மை."

"வேற எதையாவது திருத்திக்கோ. தெருவுல தப்புத் தப்பா எத்தனை போர்டு இருக்கு! இதை மட்டும் விட்டுடு. அம்மாவுக்குன்னு அவர் விட்டுட்டுப் போனதே அது ஒண்ணுதான்."

அவன் வாயைத் திறந்தான். கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. மூச்சு டீச்சர் வந்திருந்தாள். அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதாம்மா. கண்ணை மூடிட்டு, மூச்சை மட்டும் பார்த்துக்கிட்டு. சண்டையே இல்ல. வலின்னு ஒரு வார்த்தை சொல்லல."

ஊருக்கெல்லாம் நிதானம் சொல்லித் தருகிற அந்தப் பெண் விக்கி விக்கி அழுதாள். அம்மாதான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்தான். மகள் அவன் காலை மிதித்தாள்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். புடவை மாற்ற வேண்டும் என்று எழுந்து, மகளோடு உள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அவன் காலை எதுக்குடி மிதிக்கற?"

"சும்மாம்மா."

அம்மா கட்டிலில் அப்பா படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே இப்போது தலையணை மட்டும்தான் இருந்தது. அதை நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது, மறுபடியும் நேராக்கினாள்.

"கை சில்லுன்னுதான் இருந்துச்சு," என்றாள்.

மகள் பீரோவிலிருந்து எடுத்த புடவையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டிருந்தா எல்லாரும் ஓடி வந்திருப்பீங்க. நீ, டாக்டர், அக்கம்பக்கம். அப்புறம் அவர் எனக்கு எங்க கிடைக்கப்போறார்? அதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன்." தலையணை உறையின் ஓரத்தை உள்ளே மடித்துவிட்டாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே மூச்சு விட்டேன்."

கதவுக்கு வெளியே யாரோ அண்ணனிடம் கேட்பது காதில் விழுந்தது.

"அம்மா பக்கத்துல இருக்கும்போதேதான் போனாராமே?"

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு அண்ணன் சொன்னான்.

"ஆமாங்க."

சற்று நேரத்தில் கதவைத் தட்டினான். "அம்மா, வண்டி வந்துடுச்சு."

அம்மா எழுந்திருக்கவில்லை. மாற்றுப் புடவை மடிப்புக் கலையாமல் அவள் மடியில் இருந்தது.

மகள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து, தலையணைக்கு இடம் விட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.